பூட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி

பூட்டுக்காரருக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. முப்பது வருஷமாகச் சந்தை வாசலில் ஒரு மேஜை, நாலு அரம், ஒரு கிழிந்த குடை என்று உட்கார்ந்திருப்பவர். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவன் ஒவ்வொருவனும் பழியைப் பெண்டாட்டி தலையிலோ பிள்ளை தலையிலோ கட்டுவதைப் பார்த்துப் பார்த்தே பாதி மரியாதை போய்விட்டது. மீதியை மேயர் தேர்தல்கள் தின்றுவிட்டன. பூட்டு வாங்க வருகிறவர் அங்கேயே மூன்று முறை பூட்டித் திறந்து பார்த்த பிறகுதான் இவர் காசை வாங்குவார். ஓட்டுக்கும் இப்படி ஒரு வழி இருந்தால் பாதிப் பேர் மனுவே போட மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

அவர் மனைவி அதே சந்தையில் மூன்றாவது வரிசையில் வெங்காயம் விற்கிறவள். விடிகாலையில் கடை போட்டால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. போன மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். சிறுநீரகத்தில் கல் என்றார் டாக்டர். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் வரும், ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும் என்றார்.

"மூணு லிட்டர் குடிச்சுட்டு எங்கங்க போறது?" என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். ஆண்களுக்கு ஊரில் எந்தச் சுவரும் போதும், வெட்கம் கெட்ட ஜன்மங்கள். பெண்களுக்கென்று சந்தைக்குப் பின்னால் கட்டிய கழிப்பறை இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. தண்ணீர், விளக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொறியாளர் கையெழுத்துக்கூடப் போட்டாயிற்று. திறந்து வைக்கப் பெரிய மனிதர்களுக்கு நேரம் ஒழியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பூட்டைத் திறக்க அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அடுத்தவர் பூட்டில் கேட்காமல் கை வைத்தவனை நம்பி நாளைக்கு எவர் வீட்டுக்குள் விடுவார்? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

தேர்தல் வந்தது. வியாபாரிகள் சங்கம் மூன்று வேட்பாளர்களையும் மேடையேற்றிப் பொதுமக்களோடு பேச வைத்தது. கேள்விகளை முன்கூட்டியே சீட்டில் எழுதித் தர வேண்டும், சங்கத் தலைவர் பார்த்துத் 'திருத்தி' வாசிப்பார். "பொம்பளைங்க கழிப்பறை எப்ப திறக்கும்?" என்று பூட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சந்தையின் சுகாதார மேம்பாடு குறித்துத் தங்கள் தொலைநோக்கு என்ன?" என்று வாசித்தார்.

முதலாமவர் தம் தாயாரைப் பற்றிப் பேசினார். இரண்டாமவர் வெளிநாட்டுச் சந்தைகளைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர், பட்டுச் சட்டைக்காரர், பேசவே இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் அதற்கும் கை தட்டியது. தட்டியவர்களில் இரண்டு வருஷமாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களும் இருந்ததுதான் பூட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. எழுந்தார்.

"தொலைநோக்கு எல்லாம் நான் கேக்கலைங்க. பின்னாடி ஒரு பூட்டு தொங்குது. அதை எப்ப திறப்பீங்க? தேதி சொன்னா போதும்."

"நல்ல கேள்வி" என்றார்கள் மூவரும். தேதி வரவில்லை. தலைவர் மைக்கை வாங்கி நன்றியுரையை ஆரம்பித்துவிட்டார்.

நாலாம் நாள் பட்டுச் சட்டைக்காரரின் உதவியாளர் மேஜை முன்னால் வந்து நின்றார். "அண்ணே, உங்க கேள்வி எங்க தலைவர் மனசைத் தொட்டுடுச்சு. நாளைக்கு அவரே தன் கையால திறக்கிறார். பழைய பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. மாநகராட்சியில சொல்லிட்டோம், நீங்க அதை எடுத்துட்டுப் பளபளன்னு ஒண்ணு மாட்டிடுங்க."

"திறந்த பிறகு?"

"போட்டோ எடுத்ததும் பூட்டிடுங்க. ஜெயிச்சப்புறம் முறைப்படி விழா வைப்போம்."

பூட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காறித் துப்பத்தான் தோன்றியது. இருந்தாலும் ஒரு புதுப் பூட்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டினார். வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "எத்தனை மணிக்காம்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பட்டுச் சட்டைக்காரர் வந்தார். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே சாவியைத் தலைகீழாக நுழைத்தார். மறுபடியும் நுழைத்தார். வியர்த்தது. தன் வீட்டுக் கதவைக்கூட வாழ்க்கையில் திறந்திராத கை அது. வாட்ச்மேன் இருக்கிறான், டிரைவர் இருக்கிறான். இவரா ஊரைத் திறந்துவிடப் போகிறார் என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டே அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கதவு திறந்தது. கை தட்டினார்கள். போட்டோக்காரர் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்தார்.

அப்போது வெங்காயக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வேட்பாளருக்கு வணக்கம் சொல்லவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க தம்பி" என்று அவரைத் தாண்டி உள்ளே போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பின்னால் மீன்காரி, அவளுக்குப் பின்னால் தக்காளிக்காரி, சணல் பை தைக்கிற அக்கா, பெயர் தெரியாத இருபது பேர். யாரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பேச என்ன இருக்கிறது?

உதவியாளர் பூட்டுக்காரர் காதில் கிசுகிசுத்தார். "அண்ணே, பூட்டுங்க."

"உள்ள ஆள் இருக்கே."

"வந்ததும் பூட்டுங்க."

"அடுத்த ஆள் போயிடுமே. ஆளை உள்ள வச்சுப் பூட்டுற தொழில் நான் படிக்கலை. முடிஞ்சா நீங்க பூட்டுங்க." பூட்டை அவர் கையில் வைத்தார்.

உதவியாளர் வரிசையைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் ஓட்டு இருந்தது. போட்டோக்காரர் கேமராவை இன்னும் உறைக்குள் வைக்கவில்லை. பட்டுச் சட்டைக்காரர் அசடு வழிய ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறினார். அவசரத்தில் உதவியாளர் பூட்டையும் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

பூட்டுக்காரர் மனைவியின் கடைக்குப் போனார். அவள் திரும்பி வந்து தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கடைக்காரியிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு சொம்பு கொடு" என்றாள்.