மாயன் கோயிலில் சொல்ல வேண்டியிருந்தது

சிதம்பரத்தில் அக்காவோடு வண்டி ஏறியதிலிருந்து என் வாயில் ஒரே ஒரு வாக்கியம் கிடந்தது: ஊருக்கு வந்துவிடு. அதைத் தன் மகனிடம் சொல்லத்தான் கடலூரில் இருந்த என்னை அக்கா மெக்சிகோ வரை இழுத்து வந்திருந்தாள். கணவர் இறந்த பிறகு அவள் தனியாக இருக்கிறாள். ஒரே மகனுக்கு இங்கே கார் தொழிற்சாலையில் வேலை. அம்மா கூப்பிட்டால் அழுகை மாதிரி ஆகிவிடும். காது குத்த மடி கொடுத்த தாய்மாமன் கூப்பிட்டால் தட்ட முடியாது என்பது அவள் கணக்கு. நானோ சாப்பாட்டுக்குப் பிறகு, தூங்கி எழுந்த பிறகு என்று தள்ளிக்கொண்டே போனேன். நாளைக்கு விமானம். இன்றைக்கு அவன் எங்களை மாயன்களின் பாழடைந்த கோயிலுக்கு அழைத்து வந்திருந்தான்.

வாசலிலேயே அக்கா செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"எங்கடா விடுறது? டோக்கன் குடுப்பாங்களா?"

"போட்டுக்கிட்டே வாம்மா. இது மியூசியம் மாதிரி."

"இடிஞ்சா மட்டும் கோயில் இல்லன்னு ஆயிடுமா?"

"கால் வெந்துபோயிடும். அப்புறம் என்னயத் தூக்கச் சொல்லுவ."

அவள் கேட்கவில்லை. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். சித்திரை வெயில் எங்களுக்கு முன்பே விமானம் ஏறி வந்து காத்திருந்தது போலிருந்தது. மரத்தடிகளில் கடை விரித்தவர்கள் புலி போல் உறுமும் ஊதல்களை ஊதினார்கள். அவன் அவர்கள் மொழியில் ஏதோ சொல்ல, அவர்கள் சிரித்தார்கள். ஊரில் அவன் இத்தனை சரளமாய்ப் பேசி நான் கேட்டதில்லை.

மலை மாதிரி படிப்படியாய் ஏறும் அந்தக் கல் கோயிலைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். ஏற விடுவதில்லை. எனக்கு அது நிம்மதி. என் முழங்காலும் அந்தக் கட்டடமும் ஒரே காலத்தவை. கல்லிடுக்கில் பெரிய ஓணான் ஒன்று, எதற்கும் அவசரமில்லாமல். அக்கா புல்லோரமாகவே இடமிருந்து வலமாகச் சுற்றத் தொடங்கினாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

அவனிடம் சொன்னேன். சொல்லும்போதே வாக்கியம் புளித்துப்போயிருந்தது.

அவன் தண்ணீர் பாட்டிலை மூடினான். "இங்க வீடு ஒன்னு பேசி முடிச்சிட்டேன் மாமா. அம்மாகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியல. நீங்க சொல்லிடுங்களேன்."

"அவ என்னய உங்கிட்ட சொல்லச் சொல்றா. நீ அவகிட்ட சொல்லச் சொல்ற. நான் என்னா, போஸ்ட் ஆபீஸா?"

"நீங்க சொன்னா அவுங்க கேப்பாங்க மாமா."

சுற்றி முடித்து அக்கா வந்தாள். பாதம் சிவந்திருந்தது. சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. "அவன் வரல. வீடு பாத்துட்டானாம்," என்றேன். அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லைப் பார்த்தபடி நின்றான்.

பக்கத்தில் ஒரு வழிகாட்டி தன் கூட்டத்தைக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். படிகளிலிருந்து ஒரு பறவையின் கூவல் திரும்பி வந்தது. அந்தக் கல்லின் எதிரொலி அப்படியாம். எல்லோரும் சிரித்தபடி மறுபடி மறுபடி தட்டினார்கள்.

அவர்கள் நகர்ந்த பிறகு அக்கா கயிற்றோரம் போய் நின்றாள். சிவன் கோயிலை விட்டு வெளியே வரும்போது சண்டிகேசுவரர் சன்னதியில் செய்வது போல, மெதுவாகக் கைதட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். உங்கள் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். அத்தனை மெல்லிய தட்டலுக்குப் பறவை கூவவில்லை.

அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் அவள் இடுப்பில் இருந்தபடி அதே கைகளைப் பார்த்தவன்தானே. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அக்கா திரும்பி வந்தாள். "சமையக்கட்டுல வெளிச்சம் வருதா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா?"

"நீ பாத்த வூட்லடா."

"வருதும்மா. ஜன்னல் ரெண்டு இருக்கு."

"தண்ணி?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். தண்ணீர், மாடிப்படி, பின்னால் ஒரு எலுமிச்சை மரம். கார் நிற்கும் இடம்வரை சொல்லிக்கொண்டே வந்தான். அவள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். நான் பத்தடி பின்னால், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லாமல், மெல்ல நடந்தேன்.