மைக்குக்கு முன்னால் நிறுத்திய பிள்ளை

எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் போன வருடம் காலமாகிவிட்டார். செத்த மனிசனைப் பற்றி இனி ஏன் கதைக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சண்டை முடிந்து சனங்கள் முகாமிலிருந்து திரும்பிய காலம். மன்னார்க் கரையோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சங்கீத ரீச்சர். ஏழாம் வகுப்புக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த பிள்ளைகளோ கதவு பலமாக அடித்துச் சாத்தினாலே மேசைக்குக் கீழே போய்விடுகிறவர்கள். முதல் மாதம் முழுக்கச் சரளி வரிசையோடு மல்லுக்கட்டினேன். வாய்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

பிறகு அதை விட்டுவிட்டு அம்பாப் பாட்டை எடுத்தேன். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுக்கிற பாட்டு. அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பழைய வலைக்கயிறு ஒன்றை யன்னல் கம்பியில் கட்டி, கதிரைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, எல்லாரும் பிடித்து இழுத்துக்கொண்டே பாடினோம். சிலர் இழுத்தபடியே அழுதார்கள். நான் தடுக்கவில்லை. மணி அடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கணக்குப் பாடத்துக்குப் போனார்கள்.

"என்ன செய்தனீங்கள் ரீச்சர்? இண்டைக்குத்தான் பிள்ளையள் என்ர முகத்தைப் பார்த்துக் கதைச்சதுகள்" என்று கணக்கு ரீச்சர் வந்து கேட்டா.

அந்த வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். தகப்பன் கரைவலைத் தொழிலாளி. ஷெல் விழுந்து அவளுடைய கண் முன்னால் இறந்தவர். பள்ளிக்கூடத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. முதலில் கயிற்றைத் தொட்டாள். சில வாரங்களில் இழுத்தாள். ஒருநாள் ஏலேலோவுக்குள் கரகரத்த புதுக்குரல் ஒன்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்ற பயத்தில் நான் பார்க்கவில்லை. தவணை முடிவதற்குள் அவளே அடியெடுத்துக் கொடுத்தாள்.

அதை நான் ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

கொழும்பிலிருந்து உதவி நிறுவனக்காரர் வரப்போகிறார்கள் என்று அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளையை மேடையில பாட விடுங்கோ. அதுக்கு முதல் தனக்கு நடந்ததை ரெண்டு வசனத்தில சொல்லட்டும்."

"சேர், அவள் இப்பதான் வாய் திறந்தவள். வேண்டாம்."

"பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வரும், ரீச்சர். நீங்கள் சொன்னா அவள் கேப்பாள்."

கதையெல்லாம் சொல்ல வேண்டாம், வகுப்போடு சேர்ந்து பாடினால் போதும் என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்தேன். அவளிடமும் அப்படியே வாக்குக் கொடுத்தேன். தலையாட்டினாள்.

அவர்கள் வந்த அன்றைக்குப் பார்த்தால் எங்கள் கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக் கயிற்றுக்கு ரிப்பன் சுற்றி வைத்திருந்தார்கள். பாட்டு முடிந்தது, கை தட்டினார்கள். நான் பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது அதிபர் அவளை மட்டும் தோளில் பிடித்து நிறுத்தினார். மைக்கை வாய்க்கு நேரே நீட்டினார்.

"அப்பாவுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லம்மா."

கமெரா ஒன்று கிட்ட வந்தது. அவள் வாயைத் திறந்தாள். மைக்கில் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. பிறகு வெள்ளைச் சட்டை நனைந்து, காலடியில் சிறுநீர் ஓடியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் மேடைக்கு ஓடி மைக்கைப் பறித்து நிறுத்திவிட்டு, அவளை அணைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் அதிபர் சொன்னார்: "வந்த ஆக்களுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டீங்கள்."

"அந்தப் பிள்ளையின்ர மானம் என்ன மாதிரி, சேர்?" என்று கேட்டேன். அடுத்த கிழமை நேரசூசியில் ஏழாம் வகுப்புக்குச் சங்கீதம் இல்லை.

அவள் ஒரு மாதம் பள்ளிக்கூடம் வரவில்லை. வீடு தேடிப் போனேன். தாய் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கதிரை எடுத்துப் போட்டா, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"அதிபர் அப்பிடியான ஆள் எண்டு ஊருக்கே தெரியும் ரீச்சர். உங்களுக்குத் தெரியாதோ? நீங்கள் ஏன் அவளை மேடையில ஏத்தினீங்கள்?"

உள்ளே கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

வலயக் கல்விக் கந்தோருக்கு மூன்று தரம் ஏறி இறங்கி அதிகாரிகளோடு சண்டை பிடித்தேன். அடுத்த வருடம் பாடவேளைகள் திரும்பக் கிடைத்தன. அவளும் அதற்குள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியிருந்தாள். என் வகுப்பில் கடைசிக் கதிரையில் கை கட்டிக்கொண்டு இருப்பாள். நான் பாடச் சொல்லவுமில்லை, அவள் பாடவுமில்லை. பதினோராம் வகுப்போடு விலகிப்போனாள்.

கட்டடம் வந்தது. அதில் ஒரு அறையைச் சங்கீதத்துக்குத் தந்தார்கள். ஓய்வு பெறும்வரை நான் அங்கேதான் படிப்பித்தேன்.