சுமைதாங்கியில் அழிந்த பெயர்

வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் புதுப் பலகையைப் பார்த்தேன். ‘சுமைதாங்கிக் கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்டது. நட்டவர் பெயர் காலத்தால் அழிந்துவிட்டது.’

சரக், சரக் என்று அருவாள் தீட்டும் சத்தம் காதுக்குள் கேட்டது.

இறந்தது என் சித்தி, அம்மாவின் தங்கை. எண்பதுகளில், நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம். வலியில் துடித்தவளை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பூட்டச் சொன்னார்கள். சித்தப்பா என்று சொல்ல எனக்கு வாய் வராது, சித்தி புருஷன் சொன்னான்: “உழுத மாடு களைச்சிருக்கு. வெயில் தாழட்டும்.”

வெயில் தாழுமுன் அவள் போய்விட்டாள். ஊர் வாயை அடைக்க அவன் இந்தக் கல்லை நட்டான். மேற்கல்லில் அவன் பெயரை வெட்டி, ‘உபயம்’ என்று போட்டிருந்தான். சித்தியின் பெயர் எங்கும் இல்லை.

அம்மா அவனோடு சண்டைக்குப் போகவில்லை. புல்லறுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெயரின் மேல் மணலைத் தூவி, தண்ணீர் தெளித்து, அருவாளைத் தீட்டினாள். ஈர இரும்பின் வாடை அவள் கையிலேயே தங்கிவிட்டது. ஒருநாள் அவனே சைக்கிளை நிறுத்திக் கேட்டான்.

“ஏன் மதினி, தீட்டுறதுக்கு வேற கல்லே இல்லையா?”

“எம்புட்டோ கெடக்கு. இதுலதான் கூரு ஏறுது” என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

நான் பெரியவளாவதற்குள் கல் வழவழவென்று ஆகிவிட்டது.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. வீட்டுச் சாவியை எடுத்து, பலகையில் ‘காலத்தால்’ என்ற சொல்லை மட்டும் சுரண்டத் தொடங்கினேன்.