ஞானமுத்தண்ணனிடம் நாங்கள் கொடுத்த சாவி

தஞ்சோங் மாலிம் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது, ஈப்போவிலிருந்து தொலைபேசி என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். மறுமுனையில் ஞானமுத்தண்ணனின் மகள் மேரி. "மாமா, அப்பா காலையில தவறிட்டாங்க" என்றாள். "எப்படிம்மா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு பயம் இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. "நெஞ்சுவலிதான் மாமா. காப்பி கேட்டாரு. கலக்கிட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு." துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. குடித்துச் சாகவில்லை என்ற நிம்மதி. அதற்காக இந்த நிமிடம் வரை வெட்கப்படுகிறேன்.

நம் சபையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தாப்பா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து பலகை ஆலையில் சேர்ந்தார். கள்ளும் கூடவே வந்தது. ஒரு நாள் அவர் மனைவி ரோசம்மாக்கா மேரியைத் தூக்கிக்கொண்டு சித்தியவானில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். வீடு வெறிச்சோடிய பிறகுதான் இவர் கோயில் வாசலை மிதித்தார், குடியையும் விட்டார். எட்டு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தபோது ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "ஒரு தடவை வாடை அடிச்சாலும் நான் பஸ் ஏறிருவேன். அப்புறம் நீங்க தேடி வரக் கூடாது." அக்கா சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொருவரும் எழுந்து, சோதனையைக் காலால் மிதித்தேன், சாத்தானை ஓட ஓட விரட்டினேன் என்று முழங்குவார்கள். ஞானமுத்தண்ணன் எழுந்தால் ஒரே சாட்சிதான். "இப்ப வரைக்கும் குடிக்கல. சாயங்காலம் எப்படின்னு தெரியல. ஜெபம் பண்ணிக்குங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பின்வரிசையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்போது நான் சபைச் செயலாளர். வெளியூர்ப் போதகர்கள் வந்திருக்கும் நாளில் எனக்கு மானம் போகும். "அண்ணே, கொஞ்சம் ஜெயமா முடிக்கக் கூடாதா?" என்று ஒரு முறை கேட்டேவிட்டேன். "வாத்தியாரே, நாலு மணியானா எனக்கு நாக்கு ஊறுதுலா. அத மறைச்சிட்டு நான் என்னத்த ஜெயமா பேசுறது?" என்றார்.

அவர் குடியை விட்டு மூன்றாண்டு ஆனபோது, கோயிலைத் திறந்து கூட்டி, ஆராதனைக்கு எல்லாம் எடுத்துவைக்கும் கோயில்குட்டி வேலை பார்த்த பெரியவர் முடியவில்லை என்று விலகினார். அந்த இடத்துக்கு ஞானமுத்தண்ணன் பெயரைச் சொன்னவன் நான்தான். மனிதர் மாறியிருக்கிறார், அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று நீளமாகப் பேசினேன். கைதட்டலுக்கு நடுவே போதகர் அவர் கையில் சாவியைக் கொடுத்தார். பாத்திரங்கள், துணிகள், திருவிருந்துக்கான திராட்சரசம் எல்லாம் இருக்கும் அலமாரியின் சாவி. நம் சபையில் பழச்சாறு வைப்பதில்லை, புளித்த அசல் ரசம்தான். குடியை விட்டவனுக்குப் பரிசாக ரசம் இருக்கும் அலமாரியின் சாவி! எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். சந்தோஷத்தில் அப்படி ஆகிவிட்டார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஓராண்டு கழித்து எனக்குச் சந்தேகம் தொடங்கியது. திருவிருந்தில் முழங்காலிடும்போது அவர் அப்பத்தை வாங்கிக்கொள்வார். பாத்திரம் வரும்போது நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து எழுந்துவிடுவார். பாத்திரத்தைத் தொடாதவன் மனதில் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறான் என்பதுதான் நம்மவர்கள் நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். போதாக்குறைக்கு, மூன்று மாதம் வரும் ரசம் இரண்டு மாதத்திலேயே தீர்ந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நலம் விசாரிக்கிற சாக்கில் கிட்டே போய் அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஒன்றும் தெரியாததே எனக்குச் சந்தேகமாகப் பட்டது. மேரி அப்போது என் வகுப்பில் படித்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் எத்தனை நாள் இந்தப் பிள்ளை இங்கே இருக்கும் என்று மனது அடித்துக்கொள்ளும். நேரே அவரிடம் போய், "என்னண்ணே விஷயம்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போதகரிடம் போய்ச் சொன்னேன். "என் பேர் வர வேண்டாம் ஐயா" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் கமிட்டி கூடியது. போதகர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "அண்ணே, ரசம் குறையுதுன்னு ஒரு பேச்சு வந்திருக்கு. நீங்க பாத்திரத்தையும் தொடுறதில்ல. ஏதாவது சொல்லணுமா?"

ஞானமுத்தண்ணன் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சாவி எங்கிட்ட இல்லங்கய்யா" என்றார். யாரோ செருமினார்கள். சாவி அவரிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்? அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறையில் எங்களுக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ரோசம்மாக்கா, தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து மேசைமேல் போட்டார்.

"வாங்கின அன்னிக்கே எங்கிட்ட குடுத்துட்டாரு. 'இத என் கண்ணுல காட்டாத புள்ள'ன்னாரு. ஒரு வருஷத்துக்கு மேல நான்தான் ஊத்தி வைக்கிறேன். எனக்கு அளவு தெரியாது. பத்தாமப் போயிருமோன்னு நெறைய ஊத்திருவேன். மிச்சத்தக் கொட்டக் கூடாதுன்னு ஐயாவேதான் ஒவ்வொரு தடவையும் குடிச்சு முடிக்கிறாங்க."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு நேரமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலேகால். "இந்நேரத்துல எங்க போனாரு?" என்றார். அப்போது அவர் குரலில் இருந்த கலக்கத்தை இங்கே எழுதிக்காட்ட என்னால் முடியாது.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆலை பூட்டிக் கிடந்தது. வீட்டில் ஆள் இல்லை. மீதி இருந்தது ஒரே இடம்தான். கடவுளே, அங்கே மட்டும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். இன்று அவர் குடித்தால் அக்கா பஸ் ஏறிவிடுவார், மேரியும் போய்விடுவாள், அவருக்கு ஊற்றிக்கொடுத்துக் குடிக்க வைத்தவன் நானாக இருப்பேன். கள்ளுக்கடை வாசலில் கூட்டம். உள்ளே எட்டிப் பார்த்தேன். முகம் முகமாகத் தேடினேன். இல்லை. திரும்பினால், சாலைக்கு எதிர்ப்புறம் சீனர் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆறிப்போன காப்பி. பார்வை முழுக்கக் கள்ளுக்கடை வாசலில்.

எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை.

"அடைக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு வாத்தியாரே. ரொம்ப சூசா."

சூசா என்றால் கஷ்டம். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மலாய்ச் சொல்தான் அவருக்கு. "வீட்டுக்குப் போலாம் வாங்கண்ணே" என்றேன்.

"இப்ப எந்திரிச்சா கால் எந்தப் பக்கம் போவும்னு எனக்கே தெரியல. நீங்களும் கூடவே இருங்க."

"அக்காகிட்ட சாவி இருக்குன்னு அங்கேயே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"சொன்னா அவளையும்ல சந்தேகப்படுவீங்க?" என்றார். பிறகு, "போதகர்கிட்ட சொன்னது நீங்கதானே?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். "தெரியும். என் வாயை மோந்து பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ரோசம்மாகிட்ட சொல்லமாட்டேன். உங்கள அவ ரொம்ப மதிக்கிறா. சொல்றதா இருந்தா நீங்களே சொல்லிக்குங்க."

நடுவில் ஒரு முறை எழுந்து நின்றார். நான் பிடித்து இழுக்கவில்லை. பிடித்தால் உதறிவிட்டுப் போய்விடுவாரோ என்று பயம். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோய், "அண்ணே, அண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி உட்கார்ந்தார். "பயத்த எடுத்துப் போடுன்னு எனக்காக ஜெபம் பண்ணாதீங்க வாத்தியாரே. அந்தப் பயம் இருக்கறதுனாலதான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே உக்காந்திருக்கேன்" என்றார். எதிரே கள்ளுக்கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்திய பிறகே எழுந்தோம். என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கிட்டே வந்து, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதன் பிறகும் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார். ஒரு துளி தொடவில்லை. அலமாரி வேறு கைக்கு மாறியது. அந்தப் போதகர் அதைப் பற்றி மறுபடி பேசாமலே மாற்றலாகிப் போனார். எனக்கும் தஞ்சோங் மாலிமுக்கு மாற்றல் வந்தது. அக்காவிடம் என்னைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்று ஞானமுத்தண்ணன் கொடுத்த வாக்கை உயிருள்ளவரை காப்பாற்றினார் என்பது அடக்கத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கல்லறையிலிருந்து திரும்பியதும் ரோசம்மாக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு எவனோ ஒருத்தன் அவரு மேல கோள் சொன்னான். எல்லாரும் சும்மா உக்காந்திருந்தப்ப நீங்க ஒருத்தர்தான் தேடிப் போயி கூட்டியாந்தீங்க. என் கட்டை மண்ணுக்குப் போற வரைக்கும் மறக்கமாட்டேன் வாத்தியாரே." சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அழாதீங்கக்கா" என்பதுதான் வந்தது. பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். அவருடைய வெற்றி வாழ்வைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பும்போது என் முகத்தை ஜன்னல் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஞானமுத்தண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, பயந்துகொண்டேகூடச் சரியானதைச் செய்யலாம். இதை வெளியிடும் சபை மலர் அச்சாகி உங்கள் வீட்டுக்கும் வரும். மேரி, இதை அம்மாவுக்கு விடாமல் வாசித்துக் காட்டு.

ரோசம்மாக்கா, அந்த எவனோ ஒருத்தன் நான்தான்.