மாலிஸுக்கு விழ வேண்டிய அடி

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. அந்தப் பிரம்பு விழுந்த சத்தத்தைப் பக்கத்துல நின்னு கேட்டவ நான். அதுவும் பட்டப்பகல்ல.

இங்கிலாந்துப் படை எங்க ஸ்காட்லாந்துக்குள்ள புகுந்த வருஷம். நெஞ்சுல ஈட்டியை வச்சுக் கேட்டாங்க. என் புருஷன் மாலிஸ் ரெண்டு மூட்டை ஓட்ஸைக் குடுத்தாரு. அதுக்கு எங்க பிஷப், எரியுற மெழுகுவத்தியைத் தரையில கவுத்து அணைச்சு, துரோகின்னு சாபம் போட்டு, கோயிலை விட்டே தள்ளி வச்சாரு. அந்த பிஷப் மட்டும் என்ன யோக்கியமா? இங்கிலாந்து ராஜா கால்ல ரெண்டு தடவை விழுந்து, விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணினவரு! ஊருக்குத்தான் உபதேசம்.

சாபத்தோடயே மாலிஸ் காய்ச்சல்ல போயிட்டாரு. சாபம் பட்டவங்களைக் கல்லறைத் தோட்டத்துல புதைக்க விடமாட்டாங்க. மோட்சமும் கிடையாது. பனியில விறைச்ச உடம்பை மாட்டுக் கொட்டகையில கிடத்திட்டு, பிஷப் வாசல்ல போய் உக்காந்தேன். அழுதேன், திட்டினேன். கடைசியில மனுஷன் வந்தாரு.

செத்தவங்க மேல இருக்கிற சாபத்தை எடுக்க எங்க பக்கம் ஒரு முறை இருக்கு. பைபிள்ல இருக்கிற சங்கீத ஜெபத்தைச் சொல்லிக்கிட்டே, வரிக்கு வரி பிணத்தைப் பிரம்பால அடிக்கணும். அப்புறம்தான் மன்னிப்பு.

உச்சி வேளை. கொட்டகையில நான், பிஷப், அவரோட வேலையாள் கில்கிறிஸ்ட். வேற யாருமில்லை.

"பாத்து அடிங்க சாமி."

"செத்தவன்தானேம்மா... வலிக்காது."

முதல் அடி. பிரம்பு மாலிஸ் மேல பட்டதைக் கண்ணால பாத்தேன். சத்தமே இல்லை.

ரெண்டாவது அடி. சளார்...! சத்தம் வந்துச்சு. ஆனா பிஷப்போட முதுகுப் பக்கமிருந்து...

வெடுக்குன்னு திரும்பினாரு. பின்னாடி சுவர் மட்டும்தான்.

"யாருடா அது?"

"யாருமில்லை சாமி." கில்கிறிஸ்ட் சுவரோரமாப் போய்ப் பாத்துட்டுச் சொன்னான்.

மறுபடி ஓங்கினாரு. சளார்...!

பிஷப் முனகினாரு.

பிணத்து மேல ஒரு தடம்கூட இல்லை.

சளார்...!

அவர் அங்கியில... ரத்தம்.

எப்படியோ மன்னிப்பு வார்த்தையைச் சொல்லி முடிச்சுட்டு, தள்ளாடிக்கிட்டே போயிட்டாரு. மாலிஸை அன்னைக்கே கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணினேன். அப்பாடான்னு இருந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு கில்கிறிஸ்ட் ஓடி வந்தான்.

"தினம் உச்சி வேளைக்கு அந்தச் சத்தம் கேக்குதுக்கா. பூட்டின அறைக்குள்ள. சாமி முதுகெல்லாம் புதுசு புதுசாத் தடம். 'அந்தம்மாவைப் புருஷன் கல்லறைக்குப் போய், போதும்னு சொல்லச் சொல்லுடா'ன்னு கையெடுத்துக் கும்பிடுறாருக்கா."

நான் போகலை.

பிஷப் செத்துட்டாரு. பெரிய கோயிலுக்குள்ள, பீடத்துக்குப் பக்கத்துலயே புதைச்சாங்க. இப்பல்லாம் உச்சி வேளையில அங்க ஒரு ஈ, காக்காகூட நிக்கிறதில்லையாம். கல்லுக்கு அடியில இருந்து சத்தம் வருதாம். சளார்... சளார்...னு.

கில்கிறிஸ்ட் இன்னும் வந்து கெஞ்சுறான். "ஒரே ஒரு வார்த்தைக்கா. போதும்னு..."

எனக்கு இன்னும் போதும்னு தோணலை.