டைரக்ட் பண்ணிய வண்டி

வண்டிக்கு என்ன கோளாறு என்று யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. உடம்புக்கு என்ன என்பது போலத்தான் சொல்வார்கள். "காத்தால எந்திரிக்கவே மாட்டீங்குதுங்க." "மேட்டக் கண்டா மொணகுதுங்க." "ரெண்டு நாளா ஒரே இருமலுங்க." தொண்டாமுத்தூர் ரோட்டில் டூவீலர் பட்டறை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வேலையை நான் எங்கும் போய்ப் படிக்கவில்லை. பாதியை வண்டிகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றேன், மீதியை இந்தப் பேச்சைக் கேட்டுக் கற்றேன்.

ஆனால் ஒரு நாள் ஒரு அண்ணன் வந்து சொன்னது இது எதிலும் சேரவில்லை. "தம்பி, இது ஊட்டுல கெளம்புது. உங்க முன்னாடியும் கெளம்புது. தோட்டத்துல மட்டும் கெளம்ப மாட்டீங்குது."

மலையடிவாரத்தில் அவருக்கு வாழைத் தோட்டம். வீடு ஊருக்குள். விடிகாலையில் தண்ணீர் திருப்பத் தனியாகத்தான் போவார். முந்தின வாரம் வாய்க்கால் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மண்வெட்டியைப் பிடித்தபோது, வாழைக்குள் மட்டை முறிகிற சத்தம். திரும்பினால் ஒற்றை யானை. ஓடிவந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கியிருக்கிறார். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. வண்டியைப் போட்டுவிட்டுச் சேற்றில் விழுந்து எழுந்து ஓடியிருக்கிறார்.

"ஆனை தொரத்தலீங்க. சும்மா நின்னு பாத்துது. வண்டி கெளம்பலயேன்னு அதுக்கே பாவமாப் போயிருச்சாட்ட இருக்குது" என்று சிரித்தார்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன், பேட்டரி நன்றாக இருந்தது. பியூஸ் போகவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி நீலமாகத் தெறித்தது. பத்துத் தடவை அமுக்கினேன், பத்துத் தடவையும் கிளம்பியது.

"பாத்தீங்களா, உங்களக் கண்டா நடிக்குது" என்றார்.

பட்டறையில் இல்லாதது தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். தண்ணீர். இன்ஜினை ஓடவிட்டு, ஒரு மக்கில் தண்ணீர் மொண்டு இடம் இடமாக ஊற்றினேன். பிளக் மூடி, சாவி போடும் இடம், ஒயர்கள் சேரும் இடம். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் சைடு ஸ்டாண்டின் மேல் ஊற்றினேன். பட்டென்று அணைந்தது.

இப்போது வருகிற வண்டிகளில் ஸ்டாண்டின் மூட்டில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் ஓடாது, முன்னால் சிவப்பாக ஒரு விளக்கும் எரியும். இவர் வண்டியில் அந்த சுவிட்ச் விரிசல் விட்டு உள்ளே வாய்க்கால் சேறு போயிருந்தது. நனைந்துவிட்டால் ஸ்டாண்டை எடுத்தாலும் எடுக்கவில்லை என்றே நினைத்துக்கொள்ளும்.

புதுசு கோயமுத்தூர் டீலரிடமும் இல்லை, வர நாலு நாள் ஆகும் என்றேன்.

"நாலு நாளைக்கு ஆனைகிட்ட லீவு சொல்லோணுமா? டைரக்ட் பண்ணிப்போடுங்க தம்பி."

எங்கள் பக்கம் இது அன்றாடப் பேச்சு. எந்த சுவிட்ச் கெட்டாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுவதுதான் டைரக்ட். மோட்டார் ரூமிலும் செய்வோம், மிக்ஸியிலும் செய்வோம். அதைச் சட்டென்று செய்கிறவனுக்கு ஊருக்குள் ஒரு பேரும் உண்டு. அந்தப் பேர் எனக்கு இருந்தது. ஐந்து நிமிடத்தில் இரண்டு ஒயரையும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினேன். அவரே மக்கு மக்காகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். வண்டி அணையவில்லை.

"இனி ஆனையே வந்து அமுக்குனாலும் கெளம்புங்கண்ணா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இனிமேல் ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் வண்டி ஓடும், விளக்கும் எரியாது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. மறக்கவில்லை. அந்தச் சிரிப்பின் நடுவே, செய்த வேலையில் ஒரு குறையை நானே எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

புது சுவிட்ச் வந்ததும் போன் செய்தேன். "நல்லா ஓடுறதப் போயி எதுக்குத் தம்பி நோண்டிட்டு?" என்றார். சரிங்கண்ணா என்று வைத்துவிட்டேன். சுவிட்ச் டிராயரில் கிடந்தது.

ஸ்டாண்டை எடுக்காமல் ஒருவர் போனால் எங்கள் ஊர் ரோடு சும்மா விடாது. பஸ் ஜன்னலிலிருந்து, பேக்கரி வாசலிலிருந்து, "ஏனுங்க, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்துவார்கள். முன்பின் தெரியாத ஆள் பின்னாலேயே விரட்டி வந்து காலை ஆட்டிக் காட்டிவிட்டுப் போவார். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம் அது. விடிகாலையில் வாய்க்கால் மேட்டில் கத்துவதற்கு யார் இருக்கிறார்கள்?

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் மட்டை முறிகிற சத்தம். ஓடிவந்து அமுக்கினார். ஒரே அமுக்கில் கிளம்பியது. மேட்டிலிருந்து இடதுபக்கம் திரும்பி இறங்குகிற இடத்தில் பள்ளத்தில் போய் விழுந்தார். பால் எடுக்கிற வேன்காரர் பார்த்தபோது நன்றாக விடிந்துவிட்டது. யானை எப்போதோ போயிருந்தது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். கொட்டகையில் வண்டி நின்றது. ஸ்டாண்டு பின்னால் வளைந்திருந்தது. அதன் நுனியில் வாய்க்கால் மண் கெட்டியாக அப்பியிருந்தது. எனக்கு அதற்கு மேல் எதுவும் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

உள்ளே கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். "இந்தத் தம்பிதான் வண்டிய சரி பண்ணுனது. ஒரே அமுக்கு! என்ற கெரகம், ஈரத்துல சறுக்கிப்போடுச்சு" என்று அவர்களிடம் என்னைக் காட்டினார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் அதே பேச்சு, அதே தலையாட்டல்.

மூன்றாவது தடவை சுவிட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அவரும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். சுவிட்சை வெட்டியதால் என்ன ஆகும் என்று தெரிந்தும் மறைத்ததைச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் கஞ்சியைத் தள்ளிவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்ப வண்டி சறுக்கலீங்களா?"

"இல்லீங்கண்ணா. ஸ்டாண்டு எறங்கியே இருந்திருக்குது. மண்ணுல குத்தி உங்களத் தூக்கிப் போட்டிருக்குது."

"அந்த சுவிட்ச் இருந்திருந்தா கெளம்பியே இருக்காதுங்களா?"

"கெளம்பாதுங்க."

"கெளம்பலீன்னா ஆனை..."

அந்தப் பாதி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்று என் மனம் தாவியது. அக்கா விடவில்லை.

"ஆனை மொதத் தடவையும் தொரத்தல, இந்தத் தடவையும் தொரத்தல. அது பாட்டுக்கு வாழையத் தின்னுட்டுப் போயிருச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துச் சத்தம் போடாமல் சொன்னார்: "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பாருங்க தம்பி."

நான் எழுந்தேன்.

"எங்க போறீங்க? வண்டிய சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கிருந்து தண்ணி திருப்ப நாந்தான் போகோணும்."

கொட்டகையில் உட்கார்ந்து டேப்பைப் பிரித்தேன். நான் முறுக்கிய முறுக்கு இறுக்கமாக, அழகாகத்தான் இருந்தது. சுவிட்சை மாட்டி, ஸ்டாண்டைத் தட்டி நிமிர்த்தினேன். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அமுக்கினார், கிளம்பியது. காலால் ஸ்டாண்டை இறக்கினார். சிவப்பு விளக்கு எரிந்து இன்ஜின் அணைந்தது. ஸ்டாண்டு இறங்கியபடியே மறுபடி அமுக்கினார். மோட்டார் வெறுமனே சுற்றியது.

உள்ளேயிருந்து அண்ணன் குரல்: "ஏனம்மணி, கெளம்பலயா?"

"கெளம்பக் கூடாதுங்க!"

தொட்டியைக் காட்டி, ஸ்டாண்டின் மேல் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஸ்டாண்டை எடுத்தார், கிளம்பியது. இறக்கினார், அணைந்தது. மக்கைக் கீழே வைத்தேன்.

"இன்னொருக்கா ஊத்துங்க" என்றார்.