ஆவணியில் வந்த வெள்ளம்

குமாரபாளையத்தில் காவிரிக் கரையோர ஜனங்களை வெள்ளக் காலத்தில் கல்யாண மண்டபங்களில் தங்கவைப்பது என் வேலை. வெள்ளம் பெரும்பாலும் ஆடியில் வரும். மண்டபங்களும் காலியாக இருக்கும். அந்த வருடம் ஆவணியில், முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடங்கள் நிரம்பிவிட்டன. அலுப்பில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக் கூட்டிவந்தவர்களை நனைந்த மூட்டைகளோடு ஒரு மண்டபத்து வாசலில் விட்டுவிட்டு, உள்ளே போய்க் கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு வெளியவா நிக்கறது? மாடி ரூமெல்லாம் எடுத்துக்கங்க. எங்க சொந்தக்காரங்க எங்க ஊட்டுல படுத்துக்குவாங்க."

குழந்தையோடு நின்ற பெண் உள்ளே வரவில்லை. "நல்ல காரியம் நடக்கற எடத்துல, இந்தச் சேத்துக் காலோட எப்படிங்க வாரது?" என்றாள்.

அந்த அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அவளிடமே போனார். "வா சாமி, மொதல்ல சாப்புடு" என்று நெற்றியில் பொட்டு வைத்து, கையைப் பிடித்து அழைத்துப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே நுழைந்தார்கள். அன்று எல்லோருக்கும் ஒரே பந்திதான்.

வெள்ளம் வந்தால் எனக்கு இப்போதும் அலுப்புத்தான். ஆனால் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவதில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "வாங்க" என்று கூப்பிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.